மஞ்சள் வாங்கிய கடைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் பெண்கள் மேலுக்குப் பூசுவதை வாரச்சந்தையில்தான் வாங்கினார்கள். சின்னமனூரில் என் அம்மா மஞ்சளை மட்டும் இரண்டு இடத்தில் வாங்குவார். குழம்புக்கு விரலி மஞ்சள் ஒருவரிடம். குளிக்கையில் கல்லில் உரைத்துப் பூசும் குண்டு மஞ்சள் வேறொருவரிடம். அடுத்தது அரப்பு. ஆண்டிபட்டிக் கணவாயை ஒட்டிய வறண்ட கரடுகளில் உசிலை மரத்துக்குப் பஞ்சமில்லை. அதன் இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூளைப் படியால் அளந்து போடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதில் அரப்புக்கு இணை கிடையாது என்பது என் கட்சி. கண்ணில் பட்டால் எரியும் எரிச்சலுக்கும் இணை கிடையாது.

சந்தையில் இல்லாததற்கு நாட்டு மருந்துக் கடை. நலங்கு மாவுச் சாமான் என்று சொன்னால் போதும்: கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போக அரிசி என்று டப்பா டப்பாவாக இறங்கும். எங்கள் கடைக்காரர் தராசில் கை வைக்குமுன், "யாருக்கும்மா, பிள்ளைக்கா பெரியவங்களுக்கா?" என்று கேட்பார். கைக்குழந்தைக்கு என்றால், "பாசிப்பயறே போதும், போங்க" என்று வியாபாரத்தையே விட்டுவிடுவார். களையெடுக்க, நாற்று நடப் போகிறவர்களுக்குக் கார்போக அரிசியைச் சேர்க்கவே மாட்டார். காரணம் எனக்குப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. அதிலிருக்கும் சோராலென் என்ற பொருள் பட்ட தோலை வெயில் சட்டென்று பொசுக்கிவிடும். வெண்புள்ளிக்கு அதை மருந்தாகக் கொடுப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் பெண்கள் நிற்பதெல்லாம் வெயிலில்தானே.

அதற்காக நாட்டு மருந்துக் கடைகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட மாட்டேன். அசல் கஸ்தூரி மஞ்சள் தூள் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், கற்பூர வாடை அடிக்கும், முகத்தில் கறை ஒட்டாது. பளீரென்ற மஞ்சளில் அந்தப் பெயர் சொல்லி விற்றது பெரும்பாலும் வேறு கிழங்கு. இன்றைக்கும் அப்படித்தான் விற்கிறது.

சோப்பு மளிகைக் கடை வழியாக வந்தது. பெரியாறு அணை திறந்த 1895இலேயே லைஃப்பாய் இந்தியாவில் இறங்கிவிட்டது. முதல் உலகப் போரில் சந்தனக் கட்டை ஏற்றுமதி நின்று தேங்கிக் கிடந்ததால் மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் இறக்கி, 1918இல் சந்தன சோப்பு போட்டது. டாடாவின் ஹமாம் 1931. சென்னை ரயில்வே டாக்டர் வி.பி. சித்தன் தொழிலாளிகளின் தோல் நோய்க்காகக் காய்ச்சிய மெடிமிக்ஸ் 1969. மளிகைக் கடைக்காரர் யாருக்கு என்று கேட்பதில்லை. எது என்று மட்டும் கேட்பார். சோப்பில் அதனால் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடவில்லை.

கேடு கிரீமில் வந்தது. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி, 1998இல் ஃபேர்எவர். விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பமெட்டும் குமுளியும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குக் கூலி வாரக் கடைசியில்தான். அவர்கள் கைக்கு எட்டும்படி பெட்டிக்கடைகளில் சாஷே சரம் தொங்கியது. பெண் பார்க்க வரும் மாதத்தில் அது வேகமாகக் காலியாகும். ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லை எடுத்து க்ளோ என்று மாற்ற 2020 வரை ஆயிற்று. மாமியார்கள் இன்னும் மாறவில்லை.

சிவப்பழகுக்கு அவசரப்பட்டவர்கள் மெடிக்கலுக்குப் போனார்கள். படைக்கும் அரிப்புக்கும் உள்ள ஸ்டீராய்டு களிம்பைச் சீட்டில்லாமல் வாங்கி முகத்தில் தேய்த்தார்கள். முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, பருவும் பூனைமுடியும் கிளம்பும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது 2018இல்தான்.

மலைக்கு அந்தப் பக்கச் சேதி இன்னும் மோசம். 2023இல் மலப்புறத்தில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை டாக்டர்கள் துருவிக் கேட்டபோது, அவர்கள் பூசிய வெளுப்புக் கிரீம் அகப்பட்டது. அதில் பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்று கடை கடையாக ஏறிச் சோதித்தது. தெரியாமல் கலந்தாலும் 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் முகப்பூச்சில் பாதரசம் இருக்கக் கூடாது என்கிறது சட்டம். அகப்பட்டவற்றில் அது பல மடங்கு.

உத்தமபாளையத்தில் இருக்கிற என் தம்பி மகள் போனில் ஒரு கிரீமைக் காட்டி, "அத்தை, இது குமுளியில மலிவா கிடைக்குதாம், வாங்கட்டா?" என்றாள். டப்பாவைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். செய்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, இறக்குமதிப் பதிவு எண்ணும் இல்லை. மஞ்சள் வேண்டுமானால் சந்தையில் கிழங்காக வாங்கி நீயே உரைத்துக்கொள், சோப்பை எந்த மளிகைக் கடையிலும் வாங்கிக்கொள் என்றேன். கிரீம்தான் வேண்டும் என்றால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் மெடிக்கலுக்குப் போகட்டும். மதுரை போகிற வழிதான்.