கரி லாரியும் கிளீனர் பையனும்



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவரின் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே நின்ற பழைய லாரியைக் காட்டி, "இழுவையே இல்லைங்க சார், மேடு ஏற மாட்டேங்குது. ஓனர் டிரைவரைத்தான் திட்டிட்டுப் போறாருங்க" என்றார். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1943-ல் அப்பாவுக்கு 17 வயது. கணியூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பருத்தி ஏற்றிப் போகும் கரி லாரியில் கிளீனர். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். அப்போது மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கலம் செய்து கொடுத்தார்கள். ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளிலும் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின.

வண்டியோடு ஒரு பெரிய பீப்பாய் இருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, கையால் விசிறி சுற்ற வேண்டும். குறைந்த காற்றில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். வடிகட்டி வழியாக அதை இழுத்து எஞ்சின் ஓடும். ஆனால் அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் பெட்ரோலில் ஓடும் எஞ்சின் கரிக்கு மாறினால், எல்லாம் சரியாக இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். மேட்டில் ஆட்கள் இறங்கித் தள்ளியதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அப்பாவின் லாரி அதற்கும் கீழே போய்விட்டது. பாதி லோடுக்கே திணறியது. டிரைவர் கரியைத் திருடி விற்கிறார் என்று முதலாளி முடிவு கட்டி, அவர் கூலியில் பிடித்துக்கொண்டார். அப்பா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். மனம் கேட்கவில்லை.

இருவரும் வரிசையாகப் பார்த்தார்கள். பீப்பாய்க்குள் கரி பாலம் கட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கிறதா? கம்பியால் குத்திப் பார்த்தார்கள், இல்லை. கரி ஈரமா? இல்லை. வடிகட்டியில் சாம்பல் அடைப்பா? தட்டிச் சுத்தம் செய்தும் பலனில்லை. கடைசியில் அப்பா எஞ்சினை ஓடவிட்டு, எரியும் திரியைக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் காட்டினார். வடிகட்டிக்கு அடுத்த இணைப்பில் சுடர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அங்கே வெளிக்காற்று புகுந்து, ஏற்கெனவே பலவீனமான வாயுவை இன்னும் நீர்க்கச் செய்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது உள்ளே இழுக்கிற ஓட்டை புகையாது, நாறாது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

எஞ்சின் நின்ற பிறகு அதே ஓட்டை வழியாக வாயு வெளியே வரும். இருவரும் லாரியிலேயே படுத்து, தலைவலியோடு எழுந்த நாட்கள் உண்டாம். வண்டியை இழுத்த வாயுதான் ஆளையும் கொல்லும். தப்பித்தது அதிர்ஷ்டம்.

"மாமாவுக்குப் பிடித்த கூலி திரும்பக் கிடைத்ததா?" என்று சின்ன வயதில் கேட்டேன். "ரிப்பேர் ஆச்சுல்ல, அதோட சரி கண்ணு" என்றார் அப்பா. அதற்கு மேல் பேசவில்லை.

பட்டறையில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போன் வந்தது. "சார், டேங்க்ல இருந்து வர்ற டீசல் பைப்புல ஒரு நட்டு லூஸ். சொட்டுக்கூட ஒழுகலைங்க, காத்துதான் உள்ள இழுத்திருக்கு. டிரைவர் மேல தப்பில்லைன்னு ஓனர்கிட்ட நானே சொல்லிட்டேனுங்க."

நட்டை முறுக்கியதைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எண்பது வருஷத்துக்கு முன் மாமாவுக்காக யாரும் சொல்லாத வார்த்தை அது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கரி பஸ், கரி லாரி பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். நாம் எழுதி வைக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.