உள்ளடக்க விநியோக வலையும் கேஷ் விதிகளும்

இணையதளம் ஒன்றின் பக்கங்களையும் படங்களையும் ஒவ்வொரு முறையும் மூலக் கணினியிலிருந்து வரவழைக்காமல், வாசகருக்கு அண்மையிலுள்ள கணினிகளில் பிரதியாகச் சேமித்து அங்கிருந்தே வழங்கும் ஏற்பாடு உள்ளடக்க விநியோக வலை, சுருக்கமாக சி.டி.என்., எனப்படும்; எந்தப் பிரதியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், எதை வைக்கவே கூடாது என்று வகுப்பவை கேஷ் விதிகள்.

விதிகளின் சரித்திரம் வலையின் சரித்திரத்தினும் சற்று மூத்தது. இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் நெறியான எச்.டி.டி.பி.யின், 1996-இல் வெளியான 1.0 பதிப்பில், பிரதி காலாவதியாகும் தேதியைக் குறிக்கும் 'எக்ஸ்பயர்ஸ்' என்ற வரி இருந்தது. கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாத இடங்களில் அது தடுமாறியபடியால், 1997-இல் வந்த 1.1 பதிப்பு 'கேஷ்-கன்ட்ரோல்' வரியைப் புகுத்திப் பிரதியின் ஆயுளை விநாடிக் கணக்கில் நிர்ணயிக்க வழிசெய்தது. அதே ஆண்டு டேவிட் கார்கர், டாம் லெய்டன், டேனியல் லெவின் முதலியோர், கணினிகள் கூடினும் குறையினும் சில பிரதிகள் மட்டுமே இடம்பெயரும் வண்ணம் அவற்றைப் பங்கிடும் கணித முறையை வெளியிட்டனர். அதன் பயனாக 1998-இல் அகமாய் என்னும் விநியோக வலை ஸ்தாபனம் தோன்றியது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் 'ஐ-டு-ஐ' கடலடிக் கம்பி ஓடத் தொடங்கியதும் அயல்நாட்டுப் பக்கங்கள் வரும் பாதை அகன்றதாயினும், பிரயாண தூரம் குறையவில்லை. அமேசானின் கிளவுட்ஃபிரன்ட் 2013-இலும் கிளவுட்ஃபிளேர் 2015-இலும் சென்னையில் சேமிப்பு நிலையங்களை நிறுவிய பின்னரே அதுவும் சுருங்கிற்று.

விதிகளின் அருமை பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் விளங்கும். தளத்தின் சின்னமும் எழுத்துருவும் மாறாதவையாதலால் அவற்றுக்கு 3,15,36,000 விநாடி, அதாவது ஓராண்டு, ஆயுள் கொடுக்கலாம். 'முடிவுகள் இன்னும் வெளியாகவில்லை' என்னும் முகப்புக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டாலோ, முடிவு வந்த பின்னும் மாணவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பர்; அதற்குச் சில விநாடிகளே போதும். மதிப்பெண் பக்கத்தின் நிலை இவ்விரண்டினும் வேறு. முகவரியின் கேள்விக்குறிக்குப் பின் வரும் பதிவெண்ணைப் பிரதியின் அடையாளத்தில் சேர்க்க மறந்தால், முதலில் கேட்ட மாணவரின் மதிப்பெண்ணே பின்வந்தோர் அனைவருக்கும் போய்ச் சேரும். தாமதத்தைப் பொறுக்கலாம், இதைப் பொறுக்க இயலாது.

பழைய பிரதியை உடனே கொடுத்துவிட்டுப் புதியதைப் பின்னணியில் வரவழைக்கும் முறை 2010-இலும், விநியோக வலைக்கென்றே தனிக் கட்டளை வரி 2022-இலும் வகுக்கப்பட்டன. புதிதாகத் தளம் அமைப்போர், தனிநபர் விவரம் உள்ள பக்கங்களுக்கு முதலில் 'நோ-ஸ்டோர்', அதாவது சேமிக்கவே கூடாது, என்று எழுதிவிட்டு, அதன் பின்பே ஏனையவற்றுக்கு ஆயுள் வகுப்பாராக.