வானைப் பார்த்த பீரங்கி

நேயர்களே, பால்வெட்டுக் கத்தியைக் கொண்டு புதர் வெட்டப் போனால் என்ன ஆகும்? புதரும் விழாது, கத்தியும் மழுங்கிப் போகும். போர்க்கருவிக்கும் இதே விதிதான். நம் நாட்டில் நடந்த போரே அதற்குச் சான்று.

1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள். பேராக் மாநிலத்தில், துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவரை நோக்கி, பொழுது விடியுமுன்பே ஜப்பானிய டாங்கிகள் சாலைவழியே பாய்ந்து வந்தன. இருபுறமும் காடும் ரப்பர்த் தோட்டங்களும். மலாயாவில் டாங்கிக்கு வேலையில்லை என்று எண்ணியிருந்த பிரிட்டிஷாரிடம் அன்று ஒரு டாங்கிகூட இல்லை. சாலையைக் காத்து நின்றவர்கள் இந்திய, கூர்க்கா, ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள்.

சிலிம் ஆற்றுப் பாலத்தருகே போஃபர்ஸ் எனப்படும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. ஆபத்து ஆகாயத்திலிருந்து வரும் என்று வைக்கப்பட்டவை அவை. அது தரைவழியே வந்துவிட்டது. குழலைத் தாழ்த்திச் சுட்டார்கள். ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ள குண்டுகள் டாங்கியின் இரும்புத் தகட்டில் பட்டுத் தெறித்தன. பாலம் பறிபோயிற்று. அதையும் கடந்து சென்ற முதல் டாங்கியை, 16 கிலோ குண்டை எறியும் ஹோவிட்சர் பீரங்கி ஒன்றுதான் மிக அருகிலிருந்து சுட்டு நிறுத்தியது.

அப்படியானால் விமான எதிர்ப்புப் பீரங்கியால் டாங்கியை அடிக்கவே முடியாதா? முடியும். 1940 மே 21ஆம் நாள், பிரான்சின் அராஸ் நகருக்கருகே, ஜெர்மானியர் 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளால் பிரிட்டிஷ் டாங்கிகளை நிறுத்தினர். இரும்பைத் துளைக்கும் குண்டையும் தரையில் குறிபார்க்கும் பயிற்சியையும் முன்கூட்டியே கொடுத்திருந்தனர்.

சிலிம் ரிவருக்கு ஒரு வாரம் கழித்து, போர் நம் நெகிரி செம்பிலானுக்கு வந்தது. ஜனவரி 14ஆம் நாள் கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து தாக்கினர். மறுநாள் கெமாஸ் அருகே அவர்களுடைய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஜப்பானிய டாங்கிகள் பலவற்றை உடைத்தன. அவற்றின் குழல் அகலமும் போஃபர்ஸைப் போலவே 40 மில்லிமீட்டர்தான்! ஆனால் அவை தாழ்வானவை. மறைத்து வைக்க ஏற்றவை. டாங்கியை அடிக்கவே பழகியவர்கள் கையில் இருந்தவை. காட்டு நாட்டில் டாங்கி சாலையைவிட்டு விலகாது. ஆகவே சாலையோரம் மறைந்து, அது நெருங்கும்வரை பொறுத்துச் சுடுவதே முறையாயிற்று. கருவி எதுவோ, அதற்கேற்பவே போர்முறை அமைகிறது.

கெமாஸ் வெற்றி மலாயாவைக் காக்கவில்லை. சிலிம் ரிவர் சரிந்த நான்காம் நாளே, ஜனவரி 11இல், கோலாலம்பூர் வீழ்ந்திருந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. 1945 வரை நம் தோட்டங்கள் ஜப்பானியர் ஆட்சியில் தவித்தன. சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

தக்க கருவியையும் பயிற்சியையும் உரிய காலத்தில் கொடுக்கத் தவறியவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். அதற்கு விலை கொடுத்தவர்களோ சிப்பாய்களும் தோட்டத்து மக்களும். நேயர்களே, வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் படிப்போம்.