சோழவரம் – மகாகஸ்தோட்டைக் காலம்: கணினிப் பந்தய விளையாட்டுக்கு உகந்த ஒரு வரலாறு

1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் தொடங்கியது. 1980களின் இறுதியில் சென்னைக்கு வடக்கே சோழவரம் ஓடுபாதையில் பந்தயங்கள் ஓய்ந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தெற்காசிய மோட்டார் பந்தயக் காலமே இக்கட்டுரையின் பொருள். பழைய பந்தயங்களைக் கணினியில் மீட்டெடுக்கும் சிமுலேஷன் விளையாட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையுமே நாடிப் போயிருக்கின்றன. ஆனால் அவை ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கும் குணங்கள் எல்லாம் இந்தக் காலத்திலும் உண்டு. சில குணங்கள் ஐரோப்பாவில் இருந்ததைவிடக் கூடுதலாகவே உண்டு.

எந்தக் காலம் விளையாட்டாகும்

மிக வேகமான கார்கள் ஓடிய காலமே நல்ல விளையாட்டைத் தரும் என்று நினைப்பது இயல்பு. நடந்தது அப்படியல்ல. அமெரிக்காவின் பப்பிரஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘கிராண்ட் பிறி லெஜன்ட்ஸ்’ எடுத்துக்கொண்டது 1967ஆம் ஆண்டின் போர்முலா 1 பருவத்தை. காரை நிலத்தோடு அமுக்கிப் பிடிக்கும் இறக்கைகள் அப்போது இல்லை. அவை அடுத்த ஆண்டுதான் வந்தன. ஆனால் அந்த ஆண்டு அறிமுகமான லோட்டஸ் 49இன் கொஸ்வேர்த் எஞ்சின் ஏறத்தாழ 400 குதிரைவலுவைத் தந்தது. வலு ஏராளம், பிடி சொற்பம். வளைவுக்கு வளைவு கார் வழுக்கும். அந்த வழுக்கலை ஆளத் தெரிந்தவனே ஓட்டி. வாங்கியவர்களில் பலர் முதல் சுற்றையே முடிக்க முடியாமல் கைவிட்டார்கள், விற்பனையும் சோபிக்கவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டவர்களோ பல ஆண்டுகள் கழிந்த பின்னும் புதிய தடங்களையும் கார்களையும் தாங்களே ஆக்கி அதில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விளையாட்டின் மூளையான டேவிட் கேமர் பின்னாளில் ஐரேசிங் என்ற இணையப் பந்தயத் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரானார்.

1960களையும் 1970களையும் எடுத்த ‘ஜீ.ரீ. லெஜன்ட்ஸ்’ 2005இல் வந்தது. 1982 முதல் 1986 வரை நீடித்த ‘குரூப் பி’ றாலிக் கார்கள் பல விளையாட்டுகளில் இடம்பிடித்துவிட்டன. இவற்றை அடுக்கிப் பார்த்தால் தேர்வின் அடிப்படை தெரியும். பிடியை மிஞ்சிய வலு வேண்டும், அல்லது வலுவே இல்லாத காரில் வேகத்தை இழக்காமல் ஓட்டும் சாமர்த்தியம் வேண்டும். ஓட்டிக்குப் பதிலாக யோசிக்கும் மின்னணுக் கருவிகள் இருக்கக்கூடாது. கார்கள் ஒன்றுபோல் இருக்கக்கூடாது. இன்றைய பாதுகாப்பு விதிகள் அனுமதிக்காத தடமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. அபாயத்தைக் கணினியில் மட்டும் சந்திப்பதுதானே இந்த விளையாட்டுகளின் பயனில் பாதி.

மகாகஸ்தோட்டை

ஐரோப்பாவில் 750 கிலோ எடைவரம்பு விதி வந்து, மேர்சிடிஸ், ஓட்டோ யூனியன் ஆகிய ஜேர்மன் நிறுவனங்களின் வெள்ளிக் கார்கள் களமிறங்கிய ஆண்டு 1934. மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை. அங்கே அரசும் பெருநிறுவனங்களும் பணத்தைக் கொட்டின. இங்கே அது தோட்டத்துரைமாரின் வசந்தகாலப் பொழுதுபோக்கு. ஆனால் ஆசியாவின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று என்ற பெயரோடு அது இன்றும் நிலைத்திருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நுவரெலியாப் பருவத்தில், குதிரைப் பந்தயத்துக்கும் மலர்க் கண்காட்சிக்கும் பக்கத்தில் அதுவும் ஓர் அங்கமானது. சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்திவந்தது.

தடம் தேயிலைத் தோட்டத்தினூடே ஏறும் ஒரு வீதி. ஒடுக்கமானது. கொண்டையூசி வளைவுகளில் பின்சக்கரம் ஓரத்துக்கு வழுக்கினால் பக்கத்தில் சரிவு, அல்லது தேயிலைச் செடி. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாகவே ஏறும். எதிராளி கடிகாரம் மட்டும். ஓட்டம் குறுகியது என்பதால் ஒரு பிழையைத் திருத்த அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது. விளையாட்டாக்குவோருக்கு இது வரம். நூறு முறை முயன்று பத்தில் ஒரு பங்கு விநாடியைக் குறைக்கும் பைத்தியம் பிடிக்க, நீண்ட தடத்தைவிட இப்படியான குறுந்தடமே பொருத்தம். 1916இல் தொடங்கிய அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றமும் விளையாட்டுகளில் பேர்பெற்றிருக்கிறது; அங்கும் எதிராளி கடிகாரம் மட்டும்.

உயரம் வேறு ஒரு கணக்கைப் போடும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு. கார்புரேற்றர் எஞ்சின் தன் வலுவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கொழும்பில் சரிசெய்துகொண்டு போன கார்புரேற்றர் மேலே போனதும் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலை ஊற்றும். கரும்புகை வரும், எஞ்சின் திணறும். எரிபொருள் துளையைச் சிறிதாக்கத் தெரிந்த மெக்கானிக் உள்ளவன் தப்பினான். ஏப்ரலில் பிற்பகல் மழையும் மூடுபனியும் சேர்ந்தால், காலையில் ஏறியவனுக்கும் மாலையில் ஏறியவனுக்கும் தடம் ஒன்றல்ல. இன்றைய விளையாட்டு இயந்திரங்கள் இவை எல்லாவற்றையும் கணிக்க வல்லவை. ஆனால் அவற்றைப் பெரிதாகப் பயன்படுத்தும் தடங்கள் குறைவு.

போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, உலகெங்கும் ஆளில்லாத விமான ஓடுபாதைகள் மிஞ்சின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன் ஒரு குண்டுவீச்சு விமானத் தளமாக இருந்தது. 1948இல் அங்கே பிரிட்டிஷ் கிராண்ட் பிறி நடந்தது, 1950இல் உலக சம்பியன் பட்டத்துக்கான முதல் போர்முலா 1 பந்தயமும் அங்கேதான். அமெரிக்காவின் செப்ரிங்கும் முன்பு விமானத் தளமே. தெற்காசியாவில் கல்கத்தாவுக்கு அருகே பரக்பூர், பம்பாயில் ஜுஹு, இலங்கையில் களுத்துறை மாவட்டத்துக் கட்டுக்குருந்தை ஆகிய விமான ஓடுபாதைகளும் பந்தயக் களங்களாயின. கட்டுக்குருந்தை பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவுக்காகப் போர்க்காலத்தில் அமைத்த ஓடுபாதை.

ஓடுபாதைப் பந்தயத்தைத் தட்டையானது, சலிப்பானது என்று ஒதுக்கும் வழக்கம் விளையாட்டுப் பிரியர்களிடம் உண்டு. இந்தக் கட்டுரை அதை ஏற்கவில்லை. நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகம். பிறகு திடீரென்று ஒரு கூர்வளைவு. மரமோ வீடோ மேடோ இல்லாததால் எங்கே பிறேக் போடுவது என்று கண்ணுக்கு அடையாளம் கிடைக்காது. டிரம் பிறேக்குகள் நாலைந்து சுற்றில் சூடேறிப் பிடியை இழக்கும். கொங்கிறீற்றுப் பாளங்களின் இணைப்பில் கார் ஓயாமல் குதிக்கும். அத்தோடு மதராஸ் வெயில்.

சோழவரம்

மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் உருவானது. கல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரத்தில் இருந்த போர்க்கால ஓடுபாதை அதன் களமாயிற்று. ஆண்டின் தொடக்க மாதங்களில், வெயில் முற்றுமுன் அங்கே அகில இந்தியப் பந்தயம் நடக்கும். இலங்கையிலிருந்தும் ஓட்டிகள் கடல் கடந்து போனார்கள்.

முதற்கட்டத்தில் ஜக்குவார், எம்.ஜி. போன்ற பிரிட்டிஷ் கார்கள். ஓட்டியவர்கள் சமஸ்தானத்து இளவரசர்களும் வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகளும் வசதி படைத்த வியாபாரக் குடும்பத்தாரும். அந்தக் கட்டம் ஐரோப்பிய வரலாற்றின் வெயிற்பதிப்பு என்பதற்கு மேல் அதிகம் சொல்ல இல்லை.

இந்தியா இறக்குமதியை இறுக்கிய பிறகுதான் சோழவரம் தனக்கே உரிய முகத்தைக் காட்டியது. வெளிநாட்டுக் காரும் உதிரிப்பாகமும் கிடைக்காத நிலையில், சந்தையில் இருந்தவை அம்பாசடரும் பியற்றும், மதராஸிலேயே 1961 முதல் தயாரான ஸ்ராண்டேட் ஹெரால்டும். இவற்றின் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் கழற்றி, குழாயால் பற்றவைத்த சட்டத்தில் ஏற்றி, தகரத்தையோ கண்ணாடியிழையையோ மேலே போர்த்தி ‘ஸ்பெஷல்’ என்று பெயரிட்டு ஓட்டினார்கள். ஒவ்வொரு ஸ்பெஷலும் ஒருவரின் பட்டறையில் பிறந்தது. இன்னொன்றைப் போல் இருக்காது. குடும்பம் கோவிலுக்குப் போகும் காரின் எஞ்சினிலிருந்து இரண்டு மடங்கு வலுவைக் கறக்க, வால்வைப் பெரிதாக்கி, கேம் தண்டை மறுபடி அரைத்து, அமுக்க விகிதத்தைக் கூட்டினார்கள். பல எஞ்சின்கள் நடுப்பந்தயத்தில் வெடித்தன.

இந்தப் பட்டறை வேலைதான் விளையாட்டின் உயிர் ஆகலாம். இன்றைய விளையாட்டுகளில் பணம் சேர்த்தால் எந்தப் பாகத்தையும் வாங்கிவிடலாம். சோழவரத்தை நேர்மையாக ஆக்கும் விளையாட்டில் பாகம் கிடைக்காது. கிடைத்ததை வைத்து எதைச் செய்வது, எதை உடைய விடுவது என்பதே முடிவு. ஐரோப்பிய வரலாற்றை எடுத்த விளையாட்டுகளால் தர முடியாத ஒன்று இது.

1970களிலும் 1980களின் முற்பாதியிலும் இன்னொரு முரண் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஓடி முடித்த ஒற்றை இருக்கைக் கார்களைச் செல்வந்தர் சிலர் வரவழைத்தனர். குஜராத்தின் கோண்டல் சமஸ்தானத்து வாரிசு அவர்களில் ஒருவர். 1980களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் போர்முலா 1 காரோடு சோழவரத்துக்கு வந்தார். பியற் எஞ்சின் பூட்டிய உள்ளூர்ச் சட்டமும் அந்தக் காரும் ஒரே ஓடுபாதையை மிதித்தன. நியாயமான போட்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கூட்டம் பெருகிற்று. மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கும் தனிக் கூட்டம் இருந்தது: ஜாவா, யெஸ்டி, பிறகு ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ் 100. டீ.வி.எஸ். நிறுவனம் 1982இல் தனக்கென ஒரு பந்தய அணியையே தொடங்கியது.

கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் இந்தக் காலத்துக்கு ஒரு முடிவுரை எழுதினார் எனலாம். ஸ்பெஷல்களை ஆக்கியும் ஓட்டியும் பழகிய அவர், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு, எல்லோருக்கும் ஒரேமாதிரியான, விலை எட்டக்கூடிய ஒற்றை இருக்கைக் காரை வடிவமைத்தார். 1988இல் வந்த அந்த போர்முலா மாருதி, வேறுபாடுகளின் காலத்தை முடித்துச் சமவாய்ப்பின் காலத்தைத் தொடங்கியது. 1990இல் மதராஸ் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீற்றர் நீளச் சொந்தத் தடத்தைத் திறந்தது; சோழவரத்தின் தேவை தீர்ந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. போர்முலா மாருதியில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியின் காரில் போர்முலா 1க்குப் போனார். பந்தயத்துக்கு அது நன்மை. விளையாட்டாக்குவோருக்கு அதற்கு முந்தைய குழப்பமே சுவையானது.

வன்னி

தட்டுப்பாடு ஓட்டிகளுக்குக் கற்பித்த இன்னோர் இடம் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பெருநிலம். அங்கே தார் பூசிய பந்தயத் தடம் உருவாகவில்லை. பந்தயம் என்றால் மாட்டுவண்டிச் சவாரி. எந்திரங்களின் வரலாறு வேறு வழியில் நடந்தது. உள்நாட்டுப் போர் நடந்த 1990களில், அரசின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, ஒஸ்ரின் சோமசெற், மொறிஸ் மைனர் போன்ற அமுக்க விகிதம் குறைந்த பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மாற்ற வேண்டும். ஏற்றத்தில் அழுத்தினால் எஞ்சின் தட்டும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி பெற்றோல் தேவை. ஸ்கந்தபுரத்திலிருந்தோ அக்கராயனிலிருந்தோ ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு கிரவல் வீதியில் போனவர் நிற்காமல் ஓட்டும் கலையை இப்படித்தான் கற்றார். பந்தயமல்ல என்பதால் இதை விளையாட்டாக்கச் சொல்வது தகாது. ஆனால் தட்டுப்பாட்டில் எந்திரத்தை அறியும் திறனுக்குச் சோழவரத்தைவிடக் கடுமையான சான்று இது.

போரின் ஓடுபாதைகள் பந்தயக் களமாகும் வழக்கமும் இங்கே தொடரவில்லை. 2009 ஜனவரியில் விடுதலைப் புலிகளிடமிருந்து படையினர் கைப்பற்றிய இரணைமடு ஓடுபாதை இப்போது விமானப்படைத் தளம்.

 

ஆக்குவதில் உள்ள சிக்கல்

பெயர் உரிமை முதற் சிக்கல். ‘கிராண்ட் பிறி லெஜன்ட்ஸ்’கூட ஹொண்டாவை ‘முரசாமா’ என்றும் கூப்பரை ‘கவன்ட்ரி’ என்றும் மாற்றியே வெளிவந்தது. பட்டறையில் பிறந்த ஸ்பெஷல்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றுக்கு நிறுவனமே இல்லை. அவற்றின் எடை, சக்கர இடைவெளி, வலு ஆகியவற்றுக்குத் தொழிற்சாலை வரைபடமும் இல்லை. பத்திரிகைப் படங்களும் கழகத்தின் பழைய முடிவுப் பட்டியல்களும் வயதேறிவிட்ட ஓட்டிகள், மெக்கானிக்குகளின் நினைவுமே ஆதாரம். ஆகவே சோழவரத்தை ஆக்க விரும்புபவர் கணினியைத் திறக்குமுன் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்னைக்கும் கோவைக்கும் போக வேண்டும்.

மகாகஸ்தோட்டைக்கு அவ்வளவு அவசரமில்லை. வீதி இருக்கிறது, பந்தயம் நடக்கிறது. லேசர் கருவியால் அளந்தால் தடம் கைக்கு வந்துவிடும். சிறிய குழு ஒன்று பணமின்றித் தொடங்குவதானால் அதைத்தான் முதலில் எடுக்கும். நினைவுகள் கரைவதைக் கணக்கில் வைத்தால் முதலில் எடுக்க வேண்டியது சோழவரம்.