ரன்வேங்கிறது ரோடு இல்லை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது இதுதான்: "ஏர்போர்ட் டிசைனுக்குப் போகணும்னா சிவில் படிச்சா போதாதா? விமானம் எப்படி ஏறுது, எப்படி இறங்குதுன்னு எதுக்குப் படிக்கணும்?"

நானும் சிவில்தான். காலேஜில் ரன்வே வரைஞ்சப்போ, எனக்கு அது ரொம்ப அகலமான ரோடு, அவ்வளவுதான். அடிப்படை நீளத்தை எடுத்துக்கோ, கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 சதவீதம் கூட்டு, வெயிலுக்குக் கொஞ்சம் கூட்டு, முடிஞ்சது. அந்த 7 எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்கவே தோணலை. கேட்க வெச்சது மதெய்ரா.

அட்லாண்டிக்கில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு அது. கடலை விட்டு எழுந்ததுமே மலைதான். சமதளத்தைத் தேடித்தான் பிடிக்கணும். தலைநகர் ஃபுன்ஷாலுக்குப் பக்கத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் 1964-ல் ஒரு விமான நிலையம் திறந்தார்கள். ரன்வே நீளம் 1,600 மீட்டர். திறப்பின்போது வந்து இறங்கியது நாலு ப்ரொப்பெல்லர் வெச்ச கான்ஸ்டலேஷன். அந்தக் காலத்து விமானத்துக்கு அந்த நீளம் சரி.

அப்புறம் ஜெட் வந்தது. போயிங் 727-100 வந்தது. அதையே 6 மீட்டர் நீட்டி, அதிகப் பேரை ஏற்றுகிற 727-200 வந்தது. விமானம் வளர்ந்துக்கிட்டே போச்சு, ரன்வே அதே 1,600-ல் நின்னுச்சு.

1977 நவம்பர் 19. இரவு, நல்ல மழை. பிரஸ்ஸல்ஸிலிருந்து லிஸ்பன் வழியாக வந்த டாப் நிறுவனத்தின் 727-200, இரண்டு முறை இறங்க முயன்று முடியாமல் மூன்றாவது முறை இறங்கியது. வேகம் வழக்கத்தைவிட அதிகம். சக்கரம் தரையைத் தொட்டதே ரன்வே ஆரம்பத்திலிருந்து சுமார் 600 மீட்டர் தாண்டி. நிற்க முடியவில்லை. ரன்வே முடிந்த இடத்தில் சரிவு. அதில் விழுந்து, ஒரு கல் பாலத்தில் மோதி, கடற்கரையில் தீப்பிடித்தது. 164 பேரில் 131 பேர் இறந்தார்கள்.

இப்போ கணக்குக்கு வருவோம். பயணிகள் ஜெட்டுக்கு ஒரு விதி: ரன்வே முனையைக் கடப்பதிலிருந்து முழுசா நிற்பது வரைக்குமான தூரம், இருக்கிற நீளத்தில் 60 சதவீதத்துக்குள் அடங்கணும். 1,600-க்கு அது 960 மீட்டர். தரை ஈரம்னா ரன்வே இன்னும் 15 சதவீதம் நீளமா இருக்கணும்; அப்படின்னா நிற்கிறதுக்குக் கிடைக்கிறது ஏறக்குறைய 835 மீட்டர்தான். மீதி எதுக்கு? மனுஷன் கொஞ்சம் தப்புறதுக்கு. மணிக்கு 240 கிலோமீட்டரில் வர்ற விமானம், தரையைத் தொடாம ஒரு விநாடி கூடுதலா மிதந்தா 67 மீட்டர் காலி. தண்ணி தேங்கியிருந்தா டயர் தரையைப் பிடிக்காம தண்ணி மேல வழுக்கிட்டுப் போகும். பிரேக்கை மிதிச்சும் பிரயோஜனம் இல்லை. அந்த ராத்திரியில் இது எல்லாமே சேர்ந்துச்சு.

அதுக்கப்புறம் முதலில் மாறினது கான்க்ரீட் இல்லைங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. டாப் நிறுவனம் மதெய்ராவுக்கு 727-200 அனுப்புவதை நிறுத்திவிட்டு, சின்ன 727-100-ஐ மட்டும் அனுப்பியது. ரன்வேக்கு ஏத்த விமானம். விமானத்துக்கு ஏத்த ரன்வே வர ரொம்ப வருஷம் ஆச்சு. எண்பதுகளில் 1,800 மீட்டராக நீட்டினார்கள். 2000-ல் 2,781 மீட்டர்.

அதை எங்கே நீட்டுவது? ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். பொறியாளர் அந்தோனியோ செகதாயெஷ் தவாரெஷ், 180 கான்க்ரீட் தூண்களை நிறுத்தி அதுக்கு மேல ரன்வேயைக் கொண்டுபோனார். சில தூண்கள் 70 மீட்டர் உயரம். 2004-ல் அதுக்குச் சர்வதேசக் கட்டமைப்பு விருது கிடைச்சுது. கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்துறாங்க, விளையாட்டுத் திடலும் இருக்கு.

சிவில்காரங்க எல்லாரும் அந்தத் தூண் போட்டோவைத்தான் காட்டுவாங்க, நானும் காட்டியிருக்கேன். ஆனா 2,781-ங்கிற எண்ணை ஒரு தூணும் முடிவு பண்ணலை. எந்த விமானம், எவ்வளவு எடை, எவ்வளவு எரிபொருள், எந்த ஈரத்தில் நிற்கணும்னு கேட்டுத்தான் நீளம் வரும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியணும்னுதான், வேலைக்குச் சேர்ந்த பிறகு விமானத்தோட பெர்ஃபார்மன்ஸ் சார்ட்டைப் படிக்க உட்கார்ந்தேன்.

காத்து மட்டும் இன்னும் மாறலை. மலையில் மோதித் திரும்புற காத்து பழையபடிதான் அடிக்குது. இன்னைக்கும் அங்கே இறங்க விமானிக்குத் தனிப் பயிற்சி வேணும். காத்து வரம்பைத் தாண்டினா விமானம் வேற ஊருக்குப் போயிடும்.