சொந்தக்காரங்க வந்து போறதுக்கு ஒரு ஸ்டிரைக்



ஸ்கூல் லீவு நெருங்கிடுச்சு. தமிழ்நாட்டுல இதைக் கோடை விடுமுறைன்னு சொல்வாங்க. நம்ம நாட்டுல கோடைன்னு தனியா ஒண்ணு கிடையாது, வருஷம் பூரா வெயில்தான். லீவு விட்டா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறது, அவங்க நம்ம வீட்டுக்கு வர்றது, நல்லா ஆக்கிப் போட்டு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடறது. நமக்கு லீவுன்னா அதுதான்.

இதுல என்ன வரலாறு இருக்குன்னு கேட்பீங்க. இருக்கு. சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் நம்ம வீட்டுக்குத் தடையில்லாம வந்து போகணும்னு கேட்டு, இதே கிள்ளான் வட்டாரத்துல நம்ம தாத்தா பாட்டிமார்கள் வேலைநிறுத்தம் செஞ்சிருக்காங்க. 1941-ஆம் வருஷம். பண்டமாரான்ல இருக்கிற நம்மில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்கள்ல இருந்தும் கேரித் தீவுல இருந்தும் வந்த குடும்பம்தான். நமக்கே இது தெரியாம இருக்கக் கூடாதுன்னு இதை எழுதுறோம். கொஞ்சம் நீளம். ஒரு கோப்பி கலக்கி வச்சிக்கிட்டுப் படிங்க.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டம் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். லயம், கோயில், பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, கடை, கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருக்கும். அந்த நிலம் கம்பெனியுடையது. நாம் குடியிருந்த வீடும் கம்பெனியுடையது. ஆகவே வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரமும் துரையிடம்தான் இருந்தது. பினாங்குப் பக்கம் இருக்கிற அண்ணன் தங்கச்சியைப் பார்க்க வந்தால்கூட அவன் வெளியாள்தான். அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு? துரைமார்களுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. ஊரிலிருந்து ஆள் கொண்டுவர, கங்காணிக்குக் கொடுக்க, கப்பல் செலவுக்கு என்று தோட்டங்கள் பணம் போட்டன. அப்படி வந்த ஆளை இன்னொரு தோட்டத்துக்காரன் ரகசியமாக வந்து, கூடக் காசு தருகிறேன் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போய்விடுவான். இது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. அதைச் சமாளிக்கத்தான் 1907-இல் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு குடியேற்ற நிதி வந்தது. நிதி வந்த பிறகும் வெளியாள் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை. பிறகு சங்கம், காங்கிரஸ், சுதந்திரம் என்று பேச்சு வந்ததும் பயம் இன்னும் கூடியது. மாமன் மச்சான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் என்ன பேசுவானோ!

இன்னொரு பக்கம் ஊர்த் தொடர்பும் அறுந்துகொண்டே வந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கங்காணி முறை அதோடு முடிந்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று இருந்த குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. அதனால் இங்கே உள்ள சொந்தம்தான் சொந்தம் என்று ஆனது. எங்களில் பலர் வீட்டில் தாத்தாவோடு ஒரே கப்பலில் வந்தவரை முறை வைத்துக் கூப்பிடுவார்கள். ரத்த சம்பந்தம் ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் பேரப்பிள்ளைகளும் நாங்களும் இன்றைக்கும் பங்காளிகள்தான், கல்யாணத்தில் வரிசை வைக்கிறோம். அப்படி அங்கங்கே சிதறிக் கிடந்த சொந்தத்தை ஒட்டவைத்தது வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்பது ஒன்றுதான்.

இப்போது 1941. அந்த வருஷத் தொடக்கத்தில் கிள்ளான் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. முன்னால் நின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், அதன் தலைவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை செய்தவர். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை நமக்கும் கொடு என்பது முதல் கோரிக்கை. அதோடு விடவில்லை. நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், சங்கம் வைத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்று பட்டியல் போனது. அந்தப் பட்டியலில் இரண்டு கோரிக்கைகள் எங்களை அப்படியே நிறுத்திவிட்டன.

ஒன்று, உறவினர்களும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும். இன்னொன்று, துரைமார், கிராணிமார் முன்னால் சைக்கிள் ஓட்டிப் போக அனுமதி வேண்டும்.

ஆமாம், சைக்கிள்தான். தொழிலாளி சைக்கிளில் போகும்போது துரையோ கிராணியோ எதிரில் வந்தால் இறங்கி நிற்க வேண்டும். இந்த இரண்டு கோரிக்கையையும் நாங்கள் சேர்த்தே பார்க்கிறோம். அன்றைக்கு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போக ஏழை வாங்கக்கூடிய ஒரே வண்டி சைக்கிள். முன்னால் பிள்ளை, பின்னால் பெண்டாட்டி, ஹேண்டிலில் பலகாரப் பை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு போகிற மனுஷன் பிள்ளை கண் முன்னாலேயே இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? சம்பளம் கேட்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். விருந்தாளி வர வேண்டும், நான் தலை நிமிர்ந்து விருந்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார்களே, அங்கேதான் நம்ம ஆட்கள் யார் என்று தெரிகிறது.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். தொழிலாளர்கள் திரண்டு வந்து அவரை விடச் சொல்லிக் கேட்டார்கள். விடவில்லை, இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம் தொழிலாளர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்தது எதையும் முழுதாகப் பார்ப்பதற்குள் டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

ஜப்பான் காலத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சயாம் மரண ரயிலுக்குப் போன ஆண்கள் ஆயிரக்கணக்கில் திரும்பவே இல்லை. அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். இன்றைக்கு நாம் மரவள்ளிக்கிழங்கு அவித்து நெத்திலி சம்பலோடு ருசித்துச் சாப்பிடுகிறோம். அந்தக் காலத்தைப் பார்த்த எங்கள் பாட்டிமார்களில் சிலர் கடைசிவரை அதைத் தொடவில்லை.

சண்டை முடிந்தது என்று மூச்சு விட்டால் 1948-இல் அவசரகாலம். இந்த முறை வேறு மாதிரிக் கட்டுப்பாடு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை, அதாவது இன்று நம் பர்சில் இருக்கிற ஐ.சி.யின் கொள்ளுத்தாத்தா, அப்போதுதான் வந்தது. காட்டு ஓரத்தில் இருந்தவர்களைக் கூட்டிவந்து முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். நம்ம பண்டமாரான் புதுக்கிராமம் அப்படி உருவானதுதான். தோட்டத்து லயங்களையும் பல இடங்களில் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள்.

வேலியைவிடக் கொடுமை, சோற்றுக்கு வைத்த காவல். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில் வாசலில் சோதனை, சோறு வெளியே போகக் கூடாது. கடையில் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், சேர்த்து வைக்க முடியாமல் உடனே சாப்பிட வேண்டும் என்பதற்காக. சில இடங்களில் அரிசியாகக் கொடுக்காமல் பொதுச் சமையலில் சோறாகவே ஆக்கிக் கொடுத்தார்கள், சோறு என்றால் மறுநாள் புளித்துவிடும் அல்லவா. முன்னே விருந்தாளி உள்ளே வர முடியாது, இப்போது சோறு வெளியே போக முடியாது. போகிறவர் கையில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்காமல் அனுப்பத் தெரியாத ஜனங்கள் நாம். அந்த வருஷங்களை எப்படிக் கடந்தார்களோ.

1957-இல் சுதந்திரம், 1960-இல் அவசரகாலம் முடிந்தது. 1954-லேயே தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் வந்துவிட்டது. கெடுபிடிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அதற்குப் பிறகு வந்த இருபது, முப்பது வருஷம் இருக்கிறதே, அதுதான் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக ருசித்த காலம்.

வருஷக் கடைசி லீவு விட்டால் துணிப்பையும் பிஸ்கட் டின்னுமாகக் கிளம்பிவிடுவோம். கிள்ளானில் ரயில் ஏறிக் கோலாலம்பூர், அங்கே மாறி வடக்கே போகிற ரயில். தெலுக் ஆன்சன் (இப்போது தெலுக் இந்தான்) பக்கம் போகிறவர்கள் தாப்பா ரோட்டில் இறங்குவார்கள். பினாங்குக்குப் பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் ஃபெரி. பாலம் 1985-இல்தான் வந்தது. ரயிலில் புளிச்சோறும் அவித்த முட்டையும். எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஒரு கை போகும். "எந்தத் தோட்டம் நீங்க?" என்று அவர் கேட்பார். ரவாங் வருவதற்குள்ளேயே ஏதாவது ஒரு முறையில் சொந்தமாகிவிடுவார்.

வசதி உள்ளவர்கள் கப்பலேறி ஊருக்கே போனார்கள். ரஜூலா என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, நம்ம போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-கள் வரை ஓடிய கப்பல். அதன் பிறகு சிதம்பரம் கப்பல். 1985-இல் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது.

தோட்டத்து வீட்டில் போய் இறங்கினால் முதலில் டின் பால் ஊற்றிய கோப்பி. மறுநாள் விடியும்போது முற்றத்தில் மேய்ந்த நாட்டுக்கோழி ஒன்று குறைந்திருக்கும். அம்மியில் அரைத்த மசாலாவில் குழம்பு ஒன்று, பெரட்டல் ஒன்று. எலும்பு குழம்புக்கு, சதை பெரட்டலுக்கு. வீட்டுக்காரர் தட்டில் கழுத்துத் துண்டுதான் இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும் என்பார். அத்தனை அத்தைமார்களின் வீட்டுக்காரர்களுக்கும் கழுத்துதான் பிடிக்கும் என்பதை நாங்கள் சின்ன வயசில் நம்பினோம். பால் வெட்டப் போகிறவர்கள் இருட்டோடு எழுந்து போய்விட்டு மதியம் வந்து குளித்த பிறகுதான் உண்மையான விருந்து. பக்கத்து லயத்திலிருந்து ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை வரும், எதிர் வீட்டிலிருந்து அச்சு முறுக்கு வரும். ஒரு வீட்டுக்கு விருந்தாளி என்றால் அந்த வரிசைக்கே விருந்தாளி.

திரும்பும்போது முருங்கைக்காய், தேங்காய், வாழைத்தார், கருவாடு. சில சமயம் கால் கட்டிய உயிர்க்கோழி. பஸ் கண்டக்டர் முறைப்பார். வேலி இருந்த காலத்தில் வெளியே போக முடியாமல் நின்ற சோறெல்லாம் சேர்த்து வைத்துப் போகிற மாதிரி இருக்கும் அந்தப் பை.

நம்ம கோயில்களுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் காப்புக் கட்டியதிலிருந்தே சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அன்னதானப் பந்தியில் எத்தனையோ கல்யாணப் பேச்சு நடந்திருக்கிறது. எங்களில் சிலருக்கே அப்படித்தான் சம்பந்தம் முடிந்தது.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. கிள்ளான் பக்கத் தோட்டங்கள் பல தாமானாகவும் ஃபேக்டரியாகவும் மாறின. அந்தப் பிள்ளைகள்தான் இன்று ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிற நாங்கள்.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. ஈப்போ போக இப்போது மூன்று மணி நேரம்கூட ஆகாது. நியாயமாகப் பார்த்தால் போக்குவரத்து கூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அதே நாளில் திரும்பிவிடலாம் என்று ஆனதும், தங்குவது நின்றுவிட்டது. ஒரு மாதம் என்பது ஒரு வாரமாகி, ஒரு வாரம் ஒரு மதியச் சாப்பாடாகி, இப்போது அதையும் ஹோட்டலில் பார்சல் வாங்கி முடிக்கிறோம். புது தாமான்களில் வாசலில் கம்பம். காவலாளி ஐ.சி. கேட்கிறார், எந்த வீடு, எத்தனை மணிக்குப் போவீங்க என்று எழுதிக்கொள்கிறார். பாதுகாப்புக்குத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 1941 பட்டியலைப் படித்த பிறகு அந்தப் புத்தகத்தில் பெயர் எழுதும்போது எங்களுக்குக் கை கொஞ்சம் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். லீவு நாட்களில் நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்குகிற பெரியவர்கள் நிறையப் பேர் கோயிலுக்கு வருகிறார்கள். ஒரு ஓரமாக உட்கார்ந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். தோட்டம் பெயர், கோயில் பெயர், யார் யார் எங்கே பிரிந்து போனார்கள் என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளை விட்டு எழுதி வாங்குங்கள். பழைய படம் இருந்தால் கைப்பேசியில் பிடித்து எங்களிடம் கொடுங்கள், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்க்கிறோம்.

லீவு முடியும் வரை வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அரிசி கூடவே போடுகிறோம். வெளியூர்ச் சொந்தங்கள் வந்திருந்தால் அவசியம் கூட்டிக்கொண்டு வாருங்கள். எத்தனை பேர் என்று வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டால் எங்களுக்குச் சௌகரியம். சொல்லாமல் வந்தாலும் இலை உண்டு. போகும்போது கட்டிக்கொண்டு போக டப்பா மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள், போன தடவை பிளாஸ்டிக் பை பத்தவில்லை.

ஓம் சக்தி.