ஒரு ஞானப்பல்லும் பூட்டிய கதவும்

வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், 1960களின் தொடக்கத்தில், கறுப்பினக் கல்லூரி மாணவன் ஒருவன் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸிடம் வந்தான். தாடை வீங்கியிருந்தது, காய்ச்சல் கொதித்தது. ஈறுக்குள் சிக்கிய ஞானப்பல் சீழ் பிடித்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துப் பிடுங்கி அனுப்புகிற பல் இல்லை அது. மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். கறுப்பர்களுக்கென்று இருந்த ரிச்சர்ட்சன் மருத்துவமனையில் படுக்கை இல்லை, சில வாரங்கள் பொறுக்கச் சொன்னார்கள். ஊரின் மற்ற இரண்டு மருத்துவமனைகளான மோசஸ் கோனும் வெஸ்லி லாங்கும் கைவிரித்துவிட்டன.

ஆள் யாரென்று தெரியாமல் கைவிரித்துவிட்டார்கள். வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்ட கோல்ஃப் மைதானத்தில் காசு கட்டிவிட்டுப் பந்தடித்து, அதற்காக 1955இல் கைதானவர் சிம்கின்ஸ். அடுத்து அவர் செய்ததைச் சொல்வதற்கு முன், அந்தக் கதவு எப்போது பூட்டப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும்.

அலெக்சாண்டர் அகஸ்டா என்ற கறுப்பினத்தவர், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் தம்மைச் சேர்த்துக்கொள்ளாததால், கனடாவின் டொராண்டோவுக்குப் போய் மருத்துவம் படித்தார். உள்நாட்டுப் போரில் மேஜர் பதவியோடு ராணுவ மருத்துவராக இருந்தார். அவரும் சார்லஸ் பர்விஸ், ஆல்ஃபியஸ் டக்கர் என்ற இருவரும் 1869இல் வாஷிங்டன் மருத்துவர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார்கள். தகுதியில் குறை காண முடியவில்லை; வாக்கெடுப்பில் விலக்கிவிட்டார்கள். உடனே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த தனிச் சங்கம் ஒன்று உருவாகி, 1870இல் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பியது. அவர்களை உட்காரவிட வேண்டாம் என்று 114 பேரும், விடலாம் என்று 82 பேரும் வாக்களித்தார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் சங்கம் பொறுப்பை மாநிலச் சங்கங்களின் தலையில் கட்டிவிட்டது. யாரைச் சேர்ப்பது என்பது உள்ளூர்க்காரர்கள் விவகாரமாம். சட்டப்புத்தகத்தில் இனம் என்ற சொல்லே இல்லாமல் காரியம் முடிந்துவிட்டது.

சங்கத்தில் இடமில்லாவிட்டால் என்ன, தொழிலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றலாம். அமெரிக்க ஏற்பாடு அப்படியில்லை. அங்கே தனியாகத் தொழில் செய்யும் மருத்துவர் தம் நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துத் தாமே போய் அறுவை சிகிச்சை செய்வார். அதற்கு மருத்துவமனை அவரைத் தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தெற்கு மாநிலங்களில் பல மருத்துவமனைகள் அதற்குக் கேட்ட முதல் தகுதி, மாவட்ட மருத்துவர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. அட்டை இல்லாத கறுப்பின மருத்துவர், வருடக்கணக்காகத் தாம் கவனித்துவந்த நோயாளியை வாசலில் வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியாக வேண்டும். நோயாளியோடு கட்டணமும் போயிற்று, கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போயிற்று.

அட்லாண்டாவில் 1895ஆம் ஆண்டு பருத்தி மாநிலங்களின் கண்காட்சி நடந்தது. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் செப்டம்பரில் புகழ்பெற்ற உரையை ஆற்றியது அங்கேதான். அதே கண்காட்சியை ஒட்டி நவம்பரில், ஒரு தேவாலயத்தில், பன்னிரண்டு மருத்துவர்கள் கூடினார்கள். நாஷ்வில்லின் ராபர்ட் பாய்டு தலைவர். சிகாகோவில் 1893இலேயே நெஞ்சைத் திறந்து இதய உறையைத் தைத்துக் கத்திக்குத்துப்பட்டவரைப் பிழைக்கவைத்த டேனியல் ஹேல் வில்லியம்ஸ் துணைத் தலைவர். நிறத்தவரான மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர்களின் தேசியச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். 1903இல் தேசிய மருத்துவச் சங்கம் எனச் சுருக்கியபோது பெயரிலிருந்து பல் விழுந்துவிட்டது. பல் மருத்துவர்கள் 1913இல் வர்ஜீனியாவின் பக்ரோ கடற்கரையில் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது 1932இல் தேசியப் பல் மருத்துவச் சங்கமாயிற்று.

தேசிய மருத்துவச் சங்கத்தின் இதழ் 1909இல் அலபாமாவின் டஸ்கீகியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஜான் கென்னி. 1923இல் கறுப்பினப் போர்வீரர்களுக்காக டஸ்கீகியில் அரசு மருத்துவமனை திறந்தபோது, அதில் கறுப்பின மருத்துவர்களே பணியாற்ற வேண்டும் என்று சங்கம் வாதாடியது. வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் ஊர்வலம் வந்தது. உயிருக்கு மிரட்டல் வரவே கென்னி ஊரைவிட்டு வெளியேறி, நியூஜெர்சியில் நெவார்க் நகரில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கினார். ஆனாலும் அடுத்த ஆண்டே அந்த மருத்துவமனைக்குக் கறுப்பினத் தலைவர் வந்துவிட்டார்.

இதே காலத்தில் பெரிய சங்கமான அமெரிக்க மருத்துவர் சங்கம் வெளியிட்ட மருத்துவர் விவரப் புத்தகத்தில் கறுப்பினத்தவர் பெயருக்குப் பக்கத்தில் 'நிறத்தவர்' என்பதன் சுருக்கம் அச்சாகிவந்தது. சங்கத்தில் சேர்க்காதவரைப் புத்தகத்தில் மட்டும் இவ்வளவு கவனமாக அடையாளம் காட்டினார்கள். 1930களின் கடைசியில்தான் அது நின்றது.

1946இல் மத்திய அரசு மருத்துவமனைகள் கட்டப் பணம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. தனித்தனியாக, ஆனால் சமமாக வசதி இருந்தால் போதும் என்று அதிலேயே ஒரு வாசகம். இதை எதிர்த்து, உடற்கூறியல் பேராசிரியரும் சங்க இதழின் ஆசிரியருமான மான்டேக் காப் 1957 முதல் ஆண்டுதோறும் மாநாடு கூட்டினார். பழைய எகிப்திய மருத்துவர் இம்ஹோதெப்பின் பெயரை அதற்கு வைத்தார். அமைதியோடு வருபவர் என்று பொருள். மருத்துவமனைச் சங்கத்தாரையும் பெரிய மருத்துவர் சங்கத்தாரையும் ஒவ்வோர் ஆண்டும் அழைத்தார். அமைதியோடு வந்தவருக்கு ஏழு ஆண்டுகளில் கிடைத்தது மிகக் கொஞ்சம்.

சிம்கின்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார். கிரீன்ஸ்பரோவின் இரண்டு மருத்துவமனைகளும் அந்தச் சட்டத்தின்கீழ் 30 லட்சம் டாலருக்கு மேல் அரசுப் பணம் வாங்கியிருந்ததை அவர் கண்டுபிடித்திருந்தார். ஆறு மருத்துவர்கள், மூன்று பல் மருத்துவர்கள், இரண்டு நோயாளிகள் சேர்ந்து 1962இல் வழக்குத் தொடுத்தார்கள். முதல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அடுத்து வந்தது முதியோர் மருத்துவக் காப்பீடு. அதைப் பெரிய சங்கம் எதிர்த்தபோது தேசிய மருத்துவச் சங்கம் ஆதரித்தது. 1965இல் அதிபர் ஜான்சன் அந்தக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்ட நிகழ்ச்சியில் காப் இருந்தார். அதன் பிறகு, காப்பீட்டுப் பணம் வேண்டுமென்றால் வார்டுகளை ஒன்றாக்க வேண்டும் என்று அரசு சொன்னது. தர்மநியாயம் பேசி அசையாத மருத்துவமனைகள் சில மாதங்களில் அசைந்தன.

அமெரிக்க மருத்துவர் சங்கம் 2008இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. மோசஸ் கோன் மருத்துவமனையின் மன்னிப்பு 2016இல் வந்தது. சிம்கின்ஸ் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்குத் தொடுத்தவர்களில் உயிரோடு எஞ்சியிருந்த அறுவை மருத்துவர் ஆல்வின் பிளவுன்ட் அதைப் பெற்றுக்கொண்டார். சில மாதங்களில் அவரும் காலமானார்.